செலினும் ஒரு சதுரப் பந்தும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு குடும்பச் சண்டைக்கு நான் அம்பயராக இருந்தேன்.

சிரிக்காதீர்கள். தொப்பி இல்லை, விசில் இல்லை. உட்கார ஒரு ஸ்டூல், கொறிக்க ஒரு தட்டு மக்ரூன், எதிரே ஒரு டெலிவிஷன்... அவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் வீடு திரும்பியபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

எங்கள் எதிர் வீட்டு மிக்கேல் கப்பல்காரன். பூர்வீகம் மணப்பாடு, குடியிருப்பு தூத்துக்குடி, நிஜத்தில் வசிப்பது கடலில். எப்போதாவது லீவில் வந்து விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போவான். போன லீவில் சிங்கப்பூரிலிருந்து ஒரு டெலிவிஷன் பெட்டி கொண்டுவந்தான். தெருவே திரண்டு போய் அதை வண்டியிலிருந்து இறக்கினோம்.

இறக்கிய பிறகுதான் எல்லோருக்கும் அந்தச் சின்ன விஷயம் உறைத்தது — எங்கள் ஊருக்கு எந்த டி.வி. நிலையமும் எட்டாது! சென்னைக்காரர்களுக்கு ஒன்று இருக்கிறது. கொழும்பில் ஏதோ வரப்போகிறது என்கிறார்கள். எங்களுக்கு? திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக ஒரு மழை. கூடவே 'ஷ்ஷ்ஷ்' என்று ஒரு சத்தம். நாங்களும் விடவில்லை. இரண்டு சாயங்காலம் அந்த மழையையே உட்கார்ந்து பார்த்தோம். அதற்கப்புறம் மிக்கேலின் மனைவி செலின் பெட்டிக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டு, மேலே குழந்தை இயேசு சொரூபத்தை வைத்துவிட்டாள். டெலிவிஷன் பீடமாகிவிட்டது.

இந்த லீவில் மிக்கேல் அதற்கு மருந்தோடு வந்தான். டி.வி. கேம்!

சாப்பாட்டுக் கேரியர் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து ஒயர் நீட்டிய இரண்டு குட்டிப் பெட்டிகள்; ஒவ்வொன்றிலும் ரேடியோவில் இருப்பதுபோல ஒரு திருகு. திருகினால் திரையில் ஒரு வெள்ளைக் குச்சி மேலும் கீழும் போகும். அதுதான் மட்டை. நடுவே ஒரு பந்து. தவறவிட்டால் எதிராளிக்கு ஒரு பாயிண்ட். முதலில் பதினைந்து எடுப்பவருக்கு ஜெயம்.

எங்கள் ஊர் டெலிவிஷனில் ஓடிய முதல் நிகழ்ச்சி இதுதான். தெருவில் பாதிப்பேர் சினிமாவுக்குக்கூட இவ்வளவு கண்கொட்டாமல் உட்கார்ந்ததில்லை.

பக்கத்து வீட்டுச் சூசை அண்ணாச்சி துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். முதல் நாள் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏலே மிக்கேலு, இது எங்கன நடக்குது? சிங்கப்பூர்லயா?" என்று கேட்டார்.

"இங்கனதான் அண்ணாச்சி. நாந்தான் ஆடுதேன்."

"நீ இங்கன சும்மால்லா உக்காந்திருக்க?" என்றார் அவர். கடைசிவரை நம்பவில்லை.

சரி, இதைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியில் பழைய பாலத்திலிருந்து புதிய பற்பசைவரை எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொல்லியாயிற்று. இதை மட்டும் ஏன் விடவேண்டும்?

முதலில் அந்த அட்டைப் பெட்டி. மேலே ஒரு படம் போட்டிருக்கிறார்கள் பாருங்கள்... வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒரு வீரன் ஆகாயத்தில் எம்பிப் பந்தை அடிக்கிறான். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக. பின்னால் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. ஆசை ஆசையாகப் பிரித்துப் போட்டால் உள்ளே இரண்டு குச்சி! அந்தப் படம் வரைந்த ஓவியருக்கு உள்ளே இருப்பதைக் காட்டியிருக்கவே மாட்டார்கள். காட்டியிருந்தால் கை ஓடியிருக்குமா?

அடுத்தது, பந்து சதுரம். ஆமாம், சதுரம்தான். கம்பெனியில் இதற்கென்று ஒரு கூட்டம் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். டை கட்டிய பெரியவர்கள் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். "ஐயா, உருண்டை வரவில்லை" என்று இன்ஜினியர் கையைப் பிசைந்திருப்பார். "பரவாயில்லை, பந்து என்று சொல்லிவிடுவோம், ஜனங்கள் நம்பிவிடுவார்கள்" என்று யாரோ ஒரு மகானுபாவர் சொல்லியிருப்பார். நாமும் நம்பிவிட்டோமே! அந்த மகானுபாவர் கையைப் பிடித்துக் குலுக்கவேண்டும் எனக்கு.

டென்னிஸ், ஃபுட்பால், ஸ்குவாஷ் என்று பெட்டியில் பல ஆட்டங்கள் உண்டு. டென்னிஸ் என்றால் ஆளுக்கு ஒரு குச்சி. ஃபுட்பால் என்றால் ஆளுக்கு இரண்டு குச்சி. ஸ்குவாஷ் என்றால் இரண்டு குச்சியும் ஒரே பக்கம். ஆட்டம் மாறிவிட்டதாம்! தொடர்கதை எழுதும் என் நண்பர்கள் சிலர் இந்தக் கம்பெனியில் வேலைக்கு மனுப் போடலாம்.

ஆனால் ஒன்று. மட்டையில் பட்டால் ஒரு 'டொக்'. சுவரில் பட்டால் வேறொரு 'டொக்'. பாயிண்ட் போனால் 'பீங்' என்று ஒரு வயிற்றெரிச்சல் சத்தம். இந்தச் சத்தங்களை யோசித்துக் கண்டுபிடித்தவர் யாரோ தெரியாது. அந்த ஆள் மட்டும் மேதை. சத்தத்தை அடைத்துவிட்டு ஆடிப்பார்த்தோம். உப்பில்லாத மீன் குழம்பு.

ஜப்பானில் காபிக் கடை மேஜைக்குள்ளேயே இப்போது வேறு ஆட்டம் வந்துவிட்டதாம். மிக்கேல் சொன்னான். வானத்திலிருந்து நண்டு மாதிரி ஜந்துக்கள் வரிசை வரிசையாக இறங்குமாம். கீழே இருந்து சுட்டுத் தள்ளவேண்டுமாம். அங்கே ஜனங்கள் வரிசையில் நின்று ஆடுகிறார்களாம். நண்டைச் சுடுவதா? வலை போட்டுப் பிடித்து, மிளகு தட்டிப்போட்டு... அது தெரியாத கம்பெனி என்ன கம்பெனி! என் ஓட்டு சதுரப் பந்துக்காரர்களுக்குத்தான்.

அவர்கள்மேல் எனக்கு ஒரே புகார், அந்த ஆட்டோ சுவிட்ச். அதைப் போட்டுவிட்டால் பாயிண்ட் விழுந்த மறுநிமிஷம் அடுத்த பந்து தானாக வந்துவிடும். மூச்சு விட்டாயா, மூக்கைச் சொறிந்தாயா என்றெல்லாம் கேட்காது.

இனி சண்டைக்கு வருகிறேன்.

மிக்கேலுக்குத் தந்தி வந்துவிட்டது. பம்பாயில் கப்பல் தயார், உடனே வந்து ஏறு. செலினுக்கோ இது ஆறாவது மாதம். மூத்தவள் ரீட்டா பிறந்தபோது மிக்கேல் நடுக்கடலில் இருந்தான். கப்பல் அடுத்த துறைமுகத்தில் கட்டிய பிறகுதான், தான் தகப்பனான சேதியே அவனுக்குத் தெரிந்தது. இந்த முறை வந்து இறங்கிய அன்று ரீட்டா அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா எப்பம்மா போவாரு?" என்று கேட்டாளாம். மிக்கேல் அதைச் சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொன்னான். சிரிப்பு அவ்வளவு நன்றாக வரவில்லை.

இங்கே துறைமுகத்தில் 'டக்' என்கிற இழுவைப் படகில் அவனுக்கு ஒரு வேலை காத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் சரி என்று சொல்லவேண்டும். செலின் ஒற்றைக்காலில் நின்றாள்.

"உலகத்தையே சுத்தி வந்தவன்ளா நான். இந்தத் தொறைமுகத்துக்குள்ளயே குறுக்கயும் நெடுக்கயும் போய்க்கிட்டுக் கெடக்கச் சொல்லுதியா?" இது அவன்.

"கெடங்க. எங்க கூடக் கெடங்க." இது அவள்.

ஒரு வாரமாகத் தெருவுக்கே கேட்டது. சனிக்கிழமை மிக்கேல் விளையாட்டாக வாயை விட்டான். "ஏளா, பேசிப் பேசி வாய் வலிக்குது. வா, ஒரு ஆட்டம் போடுவோம். நீ செயிச்சா நான் போவல. நான் செயிச்சா மூச்சு விடக்கூடாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் கணக்கு தப்பான கணக்கு. கப்பல் மெஸ்ஸில் அவன்தான் சாம்பியன். அதோடு எங்கள் தெருவில் சாயங்காலம் ஆம்பிளைகள்தான் பெட்டிக்கு முன்னால் குந்துவோம். அதனால், மத்தியானம் அது சும்மா கிடக்கிறது என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். ஆம்பிளைகள் எல்லோரும் வேலைக்கும், மிக்கேல் ஊர் சுற்றவும் போன பிறகு, சோறு வடித்த கையோடு, தெருப் பெண்கள் மொத்தமும் அங்கே டூர்னமெண்ட் நடத்தியிருக்கிறார்கள்! செலினை ஜெயிக்க ஆளில்லையாம். என் வீட்டு அம்மாளும் தோற்றவர்களில் ஒருத்தி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாருங்கள்.

என்னை ஏன் அம்பயராகப் போட்டார்கள்? "அண்ணாச்சி பத்திரிகையில எழுதுதவரு, பொய் சொல்ல மாட்டாரு" என்றாள் செலின். அவள் பத்திரிகையே படிப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

படம் தெளிவாகத் தெரிய ஜன்னலெல்லாம் சாத்தியாயிற்று. குழந்தை இயேசு அலமாரிக்கு மாறினார். உள்ளே பத்து இருபது பேர், உப்பளத்து உஷ்ணம். ஒயர் குட்டை என்பதால் செலின் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, திருகுப் பெட்டியை மேடிட்ட வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். மேஜை கூட அவ்வளவு வசதியாக இருந்திருக்காது!

மிக்கேல் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான். நாலு பாயிண்ட் போனதும் சிரிப்பு நின்றது. எட்டு போனதும் சட்டையைக் கழற்றினான். "யார்ட்டளா படிச்ச இத?" என்றான். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "குசினியில" என்றாள்.

டொக்... டொக்... பீங்! பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். ஆம்பிளைகள் பக்கம் எச்சில் விழுங்கும் சத்தம். நான் மக்ரூனை மறந்துவிட்டேன். இரண்டு குச்சிக்கும் ஒரு சதுரத்துக்கும் இப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளுமா? அடித்துக்கொண்டதே! இந்தச் செலின் ஜெயிக்கவேண்டுமே என்று மனசுக்குள் கிடந்து தவித்தேன். அம்பயர் அப்படித் தவிக்கக்கூடாது. தெரியும்.

செலின் பதினாலு. மிக்கேல் பன்னிரண்டு. இன்னும் ஒரே ஒரு பாயிண்ட்.

பந்து அவள் பக்கம் வந்தது. சாதாரணப் பந்து. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். அந்த நேரம் பார்த்து வயிற்றின்மேல் இருந்த பெட்டி ஒரு துள்ளுத் துள்ளியது. கை வழுக்கி, மட்டை கீழே போய் நின்றது. பீங்!

"யம்மா!" என்றாள் செலின்.

"என்னளா? என்ன செய்யுது?"

"உதைக்குது... இந்தப் பக்கம் பாருங்க, இன்னும் உதைக்குது!"

மிக்கேல் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அவள் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். வந்த நாளிலிருந்து எத்தனையோ தடவை கையை வைத்துப் பார்த்திருக்கிறானாம். இவன் கை பட்டதும் உள்ளே இருப்பது அடங்கிப்போய்விடுமாம். இன்றைக்கு அடங்கவில்லை. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவனுக்கு வெட்கமே இல்லை. இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு இருந்தான். "ஏயப்பா... ஏயப்பா..." இவ்வளவுதான் வார்த்தை வந்தது. சூசை அண்ணாச்சி சாத்தியிருந்த ஜன்னல் பக்கம் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எல்லோரும் வயிற்றைப் பார்த்தார்கள். திரையைப் பார்த்தது நான் ஒருவன்தான். கடமை!

ஆட்டோ சுவிட்ச் சும்மா இருக்குமா? அடுத்த பந்து வந்தது. பீங். மிக்கேல் பதினாலு. மறுபடி வந்தது. ஆளில்லாத மிக்கேலின் மட்டையில் போய்ப் பட்டது, டொக். திரும்பியது. ஆளில்லாத செலினின் மட்டைக்கு ஒரு விரற்கடை மேலே போய்... பீங்.

பதினைந்து.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பொய் சொல்லமாட்டேன் என்று சொல்லித்தானே உட்காரவைத்தார்கள்? தொண்டையைக் கனைத்தேன். "மிக்கேலு... நீ செயிச்சிட்டடே."

செலின் திரும்பித் திரையைப் பார்த்தாள். முகம் சின்னதாகிப்போயிற்று. அழவில்லை. திருகுப் பெட்டியை எடுத்துப் பத்திரமாகத் தரையில் வைத்தாள்.

"செயிச்சா செயிச்சதுதான். சத்தியம் பண்ணியாச்சு. போய்ட்டு வாங்க" என்றாள்.

மிக்கேல் எழுந்தான். நேராகப் போய்க் கறுப்புப் பெட்டியின் சுவிட்சை அணைத்தான். அந்த மகானுபாவர்கள் இதற்கு ஞாபகசக்தி வைக்கவில்லை. அணைத்தால் ஸ்கோர் போச்சு, போனது போனதுதான். திரையில் பழையபடி புள்ளி மழை.

"அண்ணாச்சி, யாரு செயிச்சான்னு சொன்னீங்க?"

"நீதான். இப்பத்தான சொன்னேன்?"

"எங்க, காட்டுங்க பாப்போம்?"

காட்ட என்ன இருக்கிறது?

"பாத்தீங்களா, நீங்க சரியாப் பாக்கல" என்றான் மிக்கேல். இப்போது சிரிப்பு நன்றாகவே வந்தது. "இந்த வாரம் எழுதுவீங்கல்லா? நான் தோத்துட்டேன்னு போட்டுருங்க."

திங்கட்கிழமை காலையில் டக்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

ஆகவே, சம்பந்தப்பட்ட எல்லோரும் அறிய இதனால் அறிவிப்பது: பதினைந்துக்குப் பதினாலு என்ற கணக்கில் செலின் வெற்றி. நடுவரின் தீர்ப்பே இறுதியானது!