லொரீனின் காதுக்கு ஒரு போல்கா

டெல்மர் ஹ்ருஷ்காவுக்கு ஒரு விமானமும் ஒரு மனைவியும் உண்டு. இருவரையும் ஒரே நேரத்தில் வானத்தில் ஏற்றிவிட வேண்டும் என்பதே அவருடைய இலட்சியம். நெப்ராஸ்காவில், எங்கள் புல்தரை விமானத்தளத்தில், இதைவிடச் சிறிய இலட்சியங்களோடு செத்துப்போனவர்கள் உண்டு.

சனிக்கிழமை பான்கேக் தின்ன அடுத்த ஊர்த் தளத்துக்கு நாங்கள் எல்லோரும் பறந்து போவோம். லொரீன் மட்டும் காரில் வருவார்.

"அந்த எஞ்சின் சத்தத்துல எனக்குப் பல்லு ஆடுது, டெல்மர். காதுல போல்கா பாட்டு கேட்டுச்சுன்னா வர்றேன். இல்லைன்னா ஆளை விடு."

டெல்மரின் விமானம் செய்யப்பட்ட காலத்தில் ஃபோனைச் சுவரில்தான் மாட்டியிருந்தார்கள். ஹெட்செட் செருக அதில் இரண்டே துளைகள்: ஒன்று காதுக்கு, ஒன்று வாய்க்கு. பாட்டுக்கென்று ஒன்றும் இல்லை. இன்னொரு துளை போடலாமா என்று மெக்கானிக் ஆர்விட் டெஷ்ஷிடம் கேட்டார்.

"துளை போட்டா நான் கையெழுத்துப் போடணும். போட மாட்டேன்."

"பெட்டி ஒண்ணு வாங்கி வெல்க்ரோவுல ஒட்டினா?"

"ஒட்டினா அது விமானத்தோட உறுப்பு இல்ல. பயணி. வேணும்னா பெல்ட் போட்டுவிடு."

சட்டம் இவ்வளவு தெளிவாகப் பேசிய பிறகு டெல்மர் தயங்கவில்லை. ஹெட்செட்டுகளை இணைக்கும் ஒரு பெட்டியை வாங்கி ஒட்டினார். லொரீனின் ஃபோனிலிருந்து அதற்கு ஒயர் இழுத்தார். சோதனைக்காக இருவரும் பறந்து ஊரைச் சுற்றியபோது லொரீனின் கால் தாளம் போட்டது. டெல்மருக்குக் கண் கலங்கியது.

எங்கள் தளத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. இறங்குகிறவர் ரேடியோ பொத்தானை அழுத்தி எல்லோருக்கும் சொல்ல வேண்டும். டெல்மர் அழுத்தினார். பாட்டு ஒயரை அவர் செருகியிருந்ததோ பெட்டியில் வாய்க்கான துளையில். சுற்றுவட்டாரத்தில் பறந்த அத்தனை பேர் காதிலும் போல்காவின் அக்கார்டியன் இசை முழங்கியது.

"ஹ்ருஷ்கா, இறங்குறது நீயா, கல்யாண ஊர்வலமா?" என்றார், பயிருக்கு மருந்து தெளித்துக்கொண்டிருந்த விமானி ஒருவர்.

"ஓடுபாதை காலியாத்தான் இருக்கு. மாப்பிள்ளை முதல்ல இறங்கட்டும்" என்றார் இன்னொருவர்.

வேறொருவர் என்றால் விமானத்தை விற்றிருப்பார். டெல்மர் ஒயரைச் சரியான துளைக்கு மாற்றினார். அதன் பிறகுதான் அந்தப் பெட்டியின் சுபாவம் தெரிந்தது: யாராவது வாயைத் திறந்தால் அது பாட்டை நிறுத்திவிடும். நல்ல ஏற்பாடுதான். செய்தவர்களுக்கு டெல்மரைத் தெரியாது, அவ்வளவே.

"அதோ பாரு, கெர்ஹார்ட்டோட சோளம்."

பாட்டு நின்றது. மறுபடி தொடங்கியது.

"இந்த வருஷமும் லேட்டா விதைச்சிருக்கான்."

நின்றது.

"பாட்டா, நீயா? ஒண்ணை முடிவு பண்ணு" என்றார் லொரீன். "ரெண்டும்னா சனிக்கிழமை நான் காரை எடுத்துடுவேன்."

சனிக்கிழமை டெல்மர் உதட்டை இறுக்கிக்கொண்டு கிளம்பினார். கெர்ஹார்ட்டின் சோளம் கீழே போனது. சாய்ந்து கிடந்த புதுத் தானியக் கிடங்கு போனது. மைத்துனர் டிராக்டரை ஓடையில் இறக்கி வைத்திருந்த காட்சியும் போனது. இறங்கும் அறிவிப்பைத் தவிர அவர் ஒரு சொல்கூட உதிர்க்கவில்லை. முகம் மட்டும் பீட்ரூட் நிறத்துக்கு வந்திருந்தது.

"எவ்வளவு நல்லா ஓட்டுறான் தெரியுமா" என்றார் லொரீன் எங்களிடம், தட்டை நீட்டியபடி.

டெல்மர் உட்கார்ந்தார், வாயைத் திறந்தார். கிடங்கு, டிராக்டர், ஓடை எல்லாம் வந்தன. எங்கள் தட்டில் பான்கேக் ஆறி ரப்பராகும்வரை ஒருவராலும் எழ முடியவில்லை. கடைசியில் லொரீன் தன் ஹெட்செட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எல்லாத்தையும் கொட்டிட்டியா? மிச்சம் இருந்தா இங்கேயே சொல்லி முடி. அப்புறம் பறக்கலாம்."