மேடையில் நான் குதித்தது சந்தோஷத்தில் அல்ல

நீர் பொய் சொன்னீர், டாக்டர். நேரில் பார்த்தால் 'சார்' என்றுதான் எனக்கு வாய் வரும். எழுதும்போது நீர்தான். பொறுத்துக்கொள்ளும். நான் இதைவிடப் பெரியதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரும்புத் தண்டைச் சுழலவிட்டுக் கடைந்து கொடுக்கும் தொழில். பாரம் தூக்கித் தூக்கி வலப்பக்கத் தொடையிடுக்கில் குடல் பிதுங்கியது. குடலிறக்கம் என்றீர். "சின்ன ஆபரேஷன் அண்ணாச்சி. உள்ள ஒரு வலையை வச்சுத் தச்சிருவோம். அடுத்த மாசம் நீங்க லேத்தையே தூக்கலாம்" என்றீர்.

வீக்கம் போய்விட்டது. அதை நான் மறுக்கவில்லை. அது காலி செய்த வீட்டில் வலி குடிவந்தது. தையல் ஆறிய பிறகும், தழும்பு வெளுத்த பிறகும் அது போகவில்லை. தழும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு மரத்துக் கிடக்கிறது. கிள்ளினால் தெரியாது. அதே இடத்தில் துணி லேசாக உரசினால் தீக்குச்சி கிழித்தது போலப் பற்றிக்கொண்டு விதை வரைக்கும் இழுக்கும். கிள்ளினால் சும்மா இருந்து தடவினால் அலறுகிற இப்படி ஓர் இடம் என் உடம்பில் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

உம்மிடம் வந்தேன். படுக்கவைத்து இருமச் சொன்னீர். இருமினேன்.

"பாத்தீங்களா, ஒண்ணுமே பிதுங்கல!"

"வலிக்கு சார்."

"எங்க பிதுங்குது, காட்டுங்க."

"பிதுங்கல சார். வலிக்கு."

"பிதுங்கலேன்னா பிறகு என்ன வலி? மனசைத் தளர விடாதீங்க."

மறுமுறை வந்தேன். மறுபடி இருமச் சொன்னீர். அதற்கடுத்த முறை நீர் சொல்வதற்கு முன்பே நானே படுத்து இருமிவிட்டேன். "வெரி குட்" என்றீர்.

வீட்டில் என்ன உடுப்பது என்பது பெரிய பிரச்சினையாகிவிட்டது. வேட்டியின் முடிச்சு சரியாகத் தழும்பில் உட்காரும். சாரத்தை, அதுதான் கைலியை, நெஞ்சுக்கு மேலே ஏற்றிக் கட்டினால் ஆற்றில் குளிக்கப் போகிறவன் மாதிரி இருக்கும், அதுவும் அவிழ்ந்து விழும். கடைசியில் என் மனைவியின் நைட்டி ஒன்றுதான் எங்கேயும் தொடாமல் தொங்கியது. போட்டுக்கொண்டேன்.

"போட்டது போட்டீய, அந்தப் பூப்போட்டதையா எடுக்கணும்? அது நான் நல்லது பொல்லாததுக்குன்னு எடுத்து வச்சிருக்க நைட்டி" என்றாள்.

ஒருநாள் குழாயடியில் குனிந்து நின்றேன். பின்னால் வந்த பக்கத்து வீட்டுக்காரர், "மைனி, தண்ணி வந்துட்டா?" என்றார். திரும்பினேன். மீசையைப் பார்த்தவர் குடத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நைட்டியோடு வீட்டில் இருக்கலாம். பட்டறையில் நிற்க முடியாது. லேத்துக்கு முன்னால் தொளதொளத் துணியோடு நிற்கிறவன் முட்டாள். சுழலும் தண்டில் ஓரம் சிக்கினால் துணியோடு ஆளையும் சுருட்டிவிடும். இறுக்கி உடுத்தினால் வலி உயிரை எடுக்கிறது, தளர உடுத்தினால் லேத் உயிரை எடுக்கும். பட்டறையைப் பூட்டிவிட்டேன். முப்பது வருஷமாக என் கையில் இருந்த தொழில் ஒரு துணி உரசலுக்குப் பயந்து பூட்டிக் கிடக்கிறது.

பிறகு பாளையங்கோட்டையில் வலிக்கென்றே மருத்துவம் பார்க்கும் ஓர் அம்மாவிடம் போனேன். அவர் இருமச் சொல்லவில்லை. அப்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. பஞ்சால் தொட்டார், ஊசிமுனையால் தொட்டார், பேனாவால் என் தோலில் கோடு போட்டு எல்லை குறித்தார். "இது நரம்பு வலி. குடலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஆபரேஷனுக்குப் பிறகு சில பேருக்கு இப்படி வரும்" என்றார்.

முதலில் மாத்திரை. அதைத் தின்றால் தூக்கம் தூக்கமாக வந்தது. "வலி இருக்கா, போச்சா?" என்று மனைவி கேட்பாள். பதில் சொல்வதற்குள் தூங்கிவிடுவேன். அது சரிப்படவில்லை என்றதும் இடுப்போரம் மரத்துப்போக ஊசி போட்டார். போட்ட கொஞ்ச நேரத்தில் வலி போன இடம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பேண்ட் மாட்டி, பெல்ட்டை ஒரு துளை கூடுதலாகவே இறுக்கிக்கொண்டு டவுன் ரதவீதியைச் சுற்றிவந்தேன். தெரிந்தவர்களிடம் எல்லாம் வலியப் போய்ப் பேசினேன். சாயங்காலம் டீக்கடையில் பாதி டீ குடித்திருப்பேன், ஊசியின் வேகம் தீர்ந்துவிட்டது. நடுத்தெருவில் பெல்ட்டை உருவிக் கையில் எடுத்தேன்.

"அண்ணாச்சி, யார அடிக்கப் போறீய?" என்றார் டீ போடுகிறவர். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள்.

அந்த அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். "போயிட்டுத் திரும்ப வந்துட்டுல்லா? அப்ப அந்த நரம்புதான். இனிமே அதைச் சூடு வச்சு அடக்கலாமா, இல்ல திறந்து பாத்து எடுக்கணுமான்னு முடிவு பண்ணணும். ஆனா முதல் ஆபரேஷன்ல அந்த நரம்பை என்ன பண்ணினாங்கன்னு தெரிஞ்சா நல்லது. வெட்டினாங்களா, விலக்கி வச்சாங்களா, வலையோட சேத்துத் தச்சுட்டாங்களா? கேட்டுட்டு வாங்க."

நீர் கொடுத்த சீட்டில் 'அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது' என்று மட்டும்தான் இருந்தது. அதனால் கேட்க வந்தேன். "ஞாயித்துக்கிழமை முக்கூடல்ல இலவச முகாம் போடுறோம். அங்க வாங்க அண்ணாச்சி, சாவகாசமாப் பேசலாம்" என்றீர்.

நம்பி பஸ் ஏறினேன். இடக்கையால் வேட்டியை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டே வந்து இறங்கினேன். வந்தவனை மேடையில் ஏற்றினீர். கீழே இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. மைக்கை என் வாய்க்கு நீட்டினீர்.

"அண்ணாச்சி, வீக்கம் இருக்கா?"

"இல்ல. ஆனா..."

"திரும்ப வந்துச்சா?"

"வரல. ஆனா அந்த நரம்ப..."

மைக் போய்விட்டது. கைத்தட்டல். யாரோ பொன்னாடையை விரித்துப் போர்த்தினார்கள். அதன் ஜரிகை ஓரம் சரியாக அந்த இடத்தில் உரசியது. நான் இரண்டு கையையும் விரித்து அலறிக்கொண்டு குதித்தேன். கேமரா பளிச்சிட்டது.

"பாத்தியாலே, மனுசன் என்னமா குதிக்காரு!" என்றது முன்வரிசை.

கீழே இறங்கும்போது ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உம்மப் பாத்துதாம்வே நானும் ஆபரேஷனுக்குப் பேரு குடுத்தேன்."

"குடுத்தது தப்பில்ல அண்ணாச்சி. நெறையப் பேரு நல்லாத்தான் இருக்காவ. நரம்ப என்ன செய்வீயன்னு முன்னாலயே கேட்டுக்கிடும்" என்றேன். அதற்குள் உம்முடைய ஆட்கள் அவரை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நீர் காரில் ஏறிவிட்டீர்.

இப்போது உம் ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் படம் இரண்டாள் உயரத்துக்குத் தொங்குகிறது. நான் அந்தரத்தில் நிற்கிறேன், பொன்னாடை பறக்கிறது, வாய் காது வரை கிழிந்திருக்கிறது. கீழே 'அறுவைக்குப் பின் ஆனந்தம்!' என்று போட்டிருக்கிறீர். என்னிடம் வேலை கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். "அங்கன இந்தக் குதி குதிக்கீய, எங்க தண்டு மட்டும் கடைய முடியலையாக்கும்?" என்கிறார்கள். நைட்டியோடு கதவுக்குப் பின்னால் நின்று என்ன பதில் சொல்வது?

தனியறையில் பேசிப் பார்த்தாகிவிட்டது. அங்கே எனக்கு இருமல்தான் மிச்சம். என்னை ஊர் முன்னால் குதிக்கவைத்தீர் அல்லவா, பதிலையும் ஊர் முன்னால் சொல்லும். அடுத்த முகாமில், அதே மேடையில், அதே மைக்கில், அதே கூட்டத்துக்குக் கேட்கும்படி சொல்லும்: என் வலப்பக்க நரம்பை வெட்டினீரா, விலக்கினீரா, வலையோடு சேர்த்துத் தைத்தீரா? தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லும். அதுவும் பதில்தான், அதை வைத்தும் அந்த அம்மா வைத்தியம் பார்ப்பார். நான் வேட்டியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். சொல்லும், டாக்டர்.