கொட்டு மட்டும் வரும் ரெக்கார்டு

என் பேத்தி கவிதா செராஸில் இரண்டு தோழிகளோடு சொந்தமாக ரெக்கார்டு வெளியிடுகிறாள். டெக்னோ, ஹவுஸ் என்று ஆடுவதற்கான இசை. இன்று புதிதாக இரண்டு வந்தன. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்குக் கொடுக்க நானும் கூடப் போனேன்.

அவளுடைய முதல் ரெக்கார்டைக் கெட்டுப்போன சரக்கு என்று திருப்பி அனுப்பியவர் அந்தக் கடைக்கார மணியம்தான். "ரோசாக் லா ஆன்டி. கொட்டு மட்டும்தான் வருது, பாட்டையே காணோம்" என்றார். முன்னால் ஓடுகிற பாட்டோடு இதைச் சேர்த்துவிட டிஜேக்களுக்கு வசதியாகத்தான் ஆரம்பத்தில் கொட்டு மட்டும் நீளமாக வர விடுகிறார்கள். கவிதா சொல்லியும் அவர் கேட்கவில்லை. பிள்ளை அன்று சாப்பிடவில்லை. நான் மறக்கவில்லை.

இன்று நாங்கள் நுழையும்போது கிள்ளான் டிஜே ஒருவர் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "அங்கிள், செராஸ் பொண்ணுங்க போட்ட ரெக்கார்டு இருக்கா? எல்லாரும் அதைத்தான் தேடுறாங்க."

மணியம் என்னைப் பார்த்துவிட்டார். "வாங்க ஆன்டி, வாங்க! புதுசு வந்திருக்கா?"

"வந்திருக்கு. மொதல்ல போட்டுக் கேளுங்க. பாட்டு வர்ற வரைக்கும் நகரக் கூடாது."

கவிதா என் முந்தானையை இழுத்தாள். நான் விடவில்லை. மனிதர் கல்லாவை விட்டு எழுந்து வந்து நின்று கேட்டார். கொட்டுக்கு நடுவே இசை எழும்பியபோது அவர் கால் தானாகத் தாளம் போட்டது. டிஜே இரண்டிலும் ஒவ்வொரு பிரதி அங்கேயே வாங்கிக்கொண்டார்.

மிச்சமெல்லாம் இப்போது வாசல் பக்கத்து அலமாரியில், முன்வரிசையில். போய்ப் பாருங்கள். நான் மணியத்தை மன்னித்துவிட்டதாக மட்டும் யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.