பூண்டு வண்டியில் ஏற்றிவிட்ட பழனியாண்டவர்

சித்தம் கலங்கிய ஒருவரைக் காப்பகத்தில் சேர்க்க உறவினரின் மனு ஒன்று, மருத்துவர் சான்றிதழ் இரண்டு, மாஜிஸ்திரேட்டின் உத்தரவு ஒன்று வேண்டும் என்பது அன்றைய சட்டம். தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற நான், ஊராருக்கு இப்படி எத்தனையோ மனுக்கள் எழுதிக் கொடுத்தவன். 1982 ஐப்பசியில் என் மகன் செந்திலுக்காக ஒன்று எழுதினேன். மனுவில் ஒரு குறையும் இல்லை. மகன்தான் நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருந்தான்.

செந்தில் வட்டக்கானலில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் வேலை பார்த்தான். ஓயாமல் மூக்கை உறிஞ்சினான். கொடைக்கானலில் மூக்கை உறிஞ்சாதவர் யார்? என் மனைவி கமலம் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பிறகு, உடம்பில் ஏதோ ஊர்கிறது என்றான். மழைக்காலத்தில் எங்கள் மலையில் ஒருவன் அப்படிச் சொன்னால் அதற்குமேல் விசாரிப்பதில்லை, அட்டைதான். கமலம் உப்பைத் தேய்த்தாள். நான் புகையிலைத் தண்ணீர் பூசினேன். ஒரு அட்டையும் விழவில்லை. இன்னும் கொஞ்சம் உப்பைத் தேய்த்தோம்.

ஒருநாள் அவன் பிளேடால் முன்கையைக் கீறித் தோலுக்கடியில் தேடிக்கொண்டிருந்தான். பைன் மரங்களுக்குப் பின்னால் போலீஸ் நிற்பதாகச் சொல்லி ஜன்னலையெல்லாம் அடைத்தான். நான் கொடுத்த சோற்றைத் தள்ளிவிட்டான்.

“நீ போலீஸ் அனுப்புன ஆளு. எங்கப்பா மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு வந்திருக்க.”

முதல் சான்றிதழ் கிடைத்துவிட்டது. இரண்டாவது தரவேண்டிய டாக்டர் விடுப்பில் போயிருந்தார். காத்திருந்தேன்.

கமலம் வெடித்தாள். “அவன் கையை அறுத்துக்கிட்டுக் கெடக்கான், நீங்க சர்டிபிகேட்டுக்குக் காத்துக் கெடக்கீங்க. அந்த டாக்டர் வர்ற வரைக்கும் இவன் இருப்பானாங்க?”

மறுநாள் வெள்ளனே எழுந்து, பழனி மலை தெரியும் மேட்டுக்குப் போனேன். ஒரே பனிமூட்டம்; மலை தெரியவில்லை. இருக்கும் திசை தெரியும், கும்பிட்டேன். “முருகா, எனக்குத் தெரிந்த வழியெல்லாம் அடைத்துவிட்டது. உனக்குத் தெரிந்த வழியைக் காட்டு. என் மகன் எனக்கு வேண்டும்.” பார்வைக் குறிப்பும் இணைப்பும் இல்லாமல் நான் போட்ட முதல் விண்ணப்பம் அதுதான். அழுதுவிட்டேன்.

திரும்பி வந்தால் வாசலில் ஒரு ஜீப். பள்ளங்கியிலிருந்து மதுரைக்குப் பூண்டு ஏற்றிப்போகும் முத்தையா, ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு நின்றிருந்தார். உள்ளே செந்தில் கத்துவது அவருக்கும் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

“பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலியா சார்?”

“கோர்ட்டு உத்தரவு வரணும்.”

“சீக்காளிய ஆஸ்பத்திரியில காட்டுறதுக்கா?”

காப்பகத்துக்கான சட்டம் எனக்கு மனப்பாடம். பொது மருத்துவமனையில் வெறும் சீட்டுப் போட்டால் போதும் என்பது அந்த நிமிடம்வரை தோன்றவே இல்லை. முத்தையா நேராக உள்ளே போனார்.

“ஏலே செந்திலு, போலீஸ் வருதுன்னா இங்க என்னடா சோலி? என் வண்டிய எவனும் சோதிக்க மாட்டான், பூண்டு நாத்தம் தாங்காது. வெரசா ஏறு!”

பல நாட்களாக வீட்டைவிட்டு அசையாதவன் ஓடிப்போய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தான். நாங்களும் ஏறினோம்.

மதுரையில் டாக்டர் கையைப் பார்த்தார். பிறகு டார்ச் அடித்து மூக்குக்குள் பார்த்தார். புண். விடுதியில் தங்கியவர்கள் கொடுத்த வெள்ளைப் பொடியைப் பற்றிச் செந்திலே உளறினான்.

“இது கொக்கெய்ன் செய்யிற வேலையா இருக்கலாம். பூச்சி ஊர்றது, சந்தேகம் எல்லாம் அதுலயும் வரும்” என்றார். “பொடியை நிறுத்திட்டுப் பார்ப்போம். தெளிஞ்சிட்டான்னா அதுதான் காரணம். தெளியலைன்னா வேற வியாதி. இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன்.”

ஊசியும் மாத்திரையும் போட்டுத் தூங்க வைத்தார்கள். விழித்தபின் செத்துவிடலாம் என்று அழுதான். பொடி இறங்கும்போது அப்படித்தான் இருக்கும், தனியாக விடாதீர்கள் என்றார் டாக்டர். கமலம் அகலவில்லை. எனக்கோ உள்ளே போக அனுமதியில்லை. என்னைப் பார்த்தாலே அவன் நடுங்கினான். தினமும் ஜன்னலுக்கு வெளியே நின்று, “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்பேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். முருகா என்று திரும்பி வருவேன்.

அன்பர்களே, செந்தில் அதன்பின் வட்டக்கானலுக்கு வேலைக்குப் போகவில்லை. நெடுநாள் மதுரைக்குப் போய் டாக்டரிடம் காட்டிவந்தான். ஆசை தலைதூக்கிய நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் எங்களிடம் சொல்லிவிடுவான். இன்று தாண்டிக்குடியில் காப்பித் தோட்டத்து மேற்பார்வையாளன். ஆண்டுதோறும் குடும்பத்தோடு பழனிக்கு நடக்கிறோம். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் மறைக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள், ஆண்டவனிடம் அழுங்கள். இரண்டில் ஒன்று போதுமா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு இரண்டும் தேவைப்பட்டன.

மதுரை ஆஸ்பத்திரியில் ஒருநாள், வழக்கம்போல ஜன்னலருகே நின்று, “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டேன். செந்தில் மெதுவாக என் பக்கம் திரும்பினான். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தான்.

“சாப்பிட்டேன்ப்பா. நீங்க சாப்பிட்டீங்களா?”

அது 1982, திருக்கார்த்திகை நாள்.