உருண்டு பார்த்து விலை சொன்னவர்

லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற பகுதியில் எங்கள் தமிழ் ஆட்கள் வீடு வாங்குமுன் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரரைத்தான் விலை மதிப்பிடக் கூட்டிப்போவார்கள். கட்டையான மனிதர், கழுத்தில் எப்போதும் டை. அளவுநாடா கிடையாது. ஒவ்வோர் அறையிலும் தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்து, டை கசங்காமல் உருளுவார். எத்தனை மெத்தை போடலாம் என்பதுதான் அவருடைய கணக்கு.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டளவில், கென்ட் பக்கம் வேட்டைக்காட்டுக்குள் ஒரு மரக்குடில் விலைக்கு வந்தது. ஆங்கிலம் பேச என்னையும் கூட்டிப்போனார். குடிலின் சொந்தக்காரரான வெள்ளைக்காரக் கிழவர் சுவரிலிருந்த மான்தலைகளைப் பெருமையோடு காட்ட, இவர் அவற்றின் கீழே உருண்டுகொண்டிருந்தார்.

"அண்ணை, காட்டில மான் நிறைய நிக்குதாம்" என்றேன்.

"மான் வாடகை தருமோ? கக்கூஸ் எங்கையெண்டு கேளும்."

வெளியே மரத்தடியில் என்றார் கிழவர்.

தூசி தட்டி எழுந்தவரின் முகம் மலர்ந்தது. "உள்ளுக்கு இல்லையோ? அப்ப கக்கூசுக்கெண்டு கழிச்சு வைச்ச இடத்திலயும் ஒராள் படுக்கலாம். எட்டில்லை, ஒன்பது பேர்."

மிச்சம் வீட்டில் அவர் எனக்கு வாடகைக்குத் தந்திருந்த அறையில், என் தலைமாட்டுச் சுவரின் உச்சியில், இழுக்கும் சங்கிலியோடு ஒரு சிறிய தண்ணீர்த் தொட்டி எதற்காக இருக்கிறது என்று இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அன்றுதான் விளங்கியது.