துக்கம் கேட்க வராத ஊர்

டிப்போவில் அவளுக்கு விசிலக்கா என்று பெயர். பஸ் கண்டக்டர். படிக்கட்டில் தொங்குகிறவனை ஒரே அதட்டலில் உள்ளே இழுத்துப் போடுகிற தொண்டை. தங்கச்சி புருஷன் வெளிநாட்டில் மாரடைப்பில் போய்விட்டான் என்று போன் வந்ததும், அந்தத் தொண்டையை வைத்துத்தான் விசா ஆபீசில் சண்டை பிடித்து விமானம் ஏறினாள். அதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருந்தது. இனிச் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று, தங்கச்சியைக் கையோடு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவது.

வந்து இறங்கிய அன்றே அவளுக்கு வயிறு எரிந்தது. சாவு நடந்த வீடா இது? வாசலில் ஒரு ஜோடி செருப்பு அதிகமாக இல்லை. எதிர்வீட்டுக்காரன் லிப்டில் இவர்களைப் பார்த்ததும், சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசை எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி நின்றான்.

"ஏண்டி, எடுக்கும்போது யார் யார் இருந்தாங்க?"

"நான் இருந்தேன். தகனம் பண்ற கம்பெனி ஆளுங்க ரெண்டு பேர்."

"உன்கூட வேலை பாக்கறவங்க?"

தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இங்கெல்லாம் அப்படி வர மாட்டாங்கக்கா."

அவ்வளவுதான். அன்றைக்கே அந்த நாடு மொத்தமும் விசிலக்காவின் எதிரி ஆகிவிட்டது. தங்கச்சி காலையில் வேலைக்குக் கிளம்பியதும் இவள் ஊர் சுற்றக் கிளம்புவாள், திட்டுவதற்காகவே. பஸ்ஸில் கண்டக்டரே கிடையாது. அட்டையைக் காட்டினால் கீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான் மரியாதை. பக்கத்தில் இடம் காலியாகக் கிடந்தும் நின்றுகொண்டே வருகிறார்கள். ஒருத்தர் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்தால் தோல் உரிந்துவிடுமாம். ஒருத்தி தன் கைப்பையைப் பக்கத்து சீட்டில் வைத்து அதற்கு இடம் பிடித்தாள். 'லக்கேஜுக்கு டிக்கெட் எடுத்தியாம்மா?' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. தெரியாமல் இடித்துவிட்டால் இடிபட்டவனே மன்னிப்புக் கேட்கிறான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவே இல்லை. இத்தனை மரியாதை தெரிந்த ஜனங்களுக்கு ஒரு சாவு வீட்டுக் கதவைத் தட்டத் தெரியவில்லையே, நாசமாய்ப் போக!

"கிளம்புடி. மனுஷ வாடையே இல்லாத ஊர்ல உனக்கு என்ன வெச்சிருக்கு?" என்று தினமும் ஆரம்பிப்பாள்.

"எனக்கு வேலை இருக்குக்கா."

"பெரிய கலெக்டர் வேலை! ஆஸ்பத்திரித் துணி துவைக்கற வேலை."

"அதையும் விட்டுட்டா எனக்கு ஒண்ணுமே இல்லக்கா."

காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. கோபம் தலைக்கேறிய ஆளிடம் நீங்கள் என்ன சொன்னாலும் அப்படித்தான்.

ஒரு நாள் மத்தியானம் விசிலக்கா நேராக அந்தச் சலவைக்கூடத்துக்கே போய்விட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும், அப்புறம் தங்கச்சியை இழுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். உள்ளே ஒரே ஆவி, இரைச்சல். இஸ்திரி உருளைகளுக்கு நடுவிலிருந்து சூடாக வருகிற படுக்கை விரிப்புகளை இரண்டிரண்டு பெண்களாக முனை பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து மடித்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சிக்கு ஜோடி ஒரு குண்டம்மா. முனைகள் சேருகிற இடத்தில் குண்டம்மா தங்கச்சியின் காதருகே ஏதோ கேட்டாள். தங்கச்சி ஏதோ பதில் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தங்கச்சியும் சிரித்தாள்.

சிரித்தாள்! புருஷன் போன ஈரம் காயவில்லை. விசிலக்காவுக்கு உச்சந்தலை கொதித்தது. கடைக்குப் போனால் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் என்று தங்கச்சி அக்காவின் போனில் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்திருந்தாள். அதை வாய்க்கு நேரே பிடித்துக் கத்தினாள். "இவ புருஷன் செத்துப் போயிட்டான்! ஒருத்தராவது வந்து எட்டிப் பார்த்தீங்களா? நெஞ்சுல ஈரமே இல்லையா உங்களுக்கெல்லாம்? சிரிப்பு வேற கேக்குதா?"

போன் அதையெல்லாம் ஒரு இனிமையான பெண் குரலில், பதறாமல், அவர்கள் பாஷையில் நிதானமாகச் சொல்லி முடித்தது.

குண்டம்மாவின் கையிலிருந்து விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது. அவள் தங்கச்சியைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். தங்கச்சி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து, பிள்ளையை இழுக்கிற மாதிரி தெருவுக்கு இழுத்து வந்தாள்.

"அவங்க யாருக்கும் தெரியாதுக்கா! நான் சொல்லவே இல்ல!"

"என்னடி சொல்ற?"

"காய்ச்சல்னு லீவு போட்டுட்டுத்தான் அவரை எரிச்சேன். வேலைக்குத் திரும்பி வந்த அன்னைக்கு அந்தம்மா எப்பவும் போலக் கேட்டா, உன் வீட்டுக்காரர் இன்னைக்கு என்ன கூத்து பண்ணினாருன்னு. உப்பை அள்ளிக் கொட்டிட்டாருன்னு சொன்னேன். சிரிச்சாங்க. மறுநாளும் கேட்டா. சாவியைத் தொலைச்சிட்டாருன்னு சொன்னேன். வீட்டுல செத்துட்டாருக்கா. இங்க உயிரோட இருந்தாரு. நாள் முழுக்க இருந்தாரு. வந்தியே, இங்கயும் கொன்னுட்டியே!"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி பாவி!"

"சொன்னா விட்டிருப்பியா நீ?"

விட்டிருக்க மாட்டாள். அது விசிலக்காவுக்கே தெரியும்.

சாயங்காலம் வீட்டு மணி அடித்தது. கதவுத் துளை வழியாகப் பார்த்தாள். குண்டம்மா, சலவைக்கூடத்துப் பெண்கள் அத்தனை பேர், கையில் பூக்கள். ஒருத்தர் மேல் ஒருத்தர் இடித்துக்கொள்ளாமல் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரன்கூட நின்றான். விசிலக்காவுக்குத் தாழ்ப்பாளில் கை போகவில்லை. திரும்பித் தங்கச்சியைப் பார்த்தாள்.

தங்கச்சி சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"என்னை ஏன் பாக்கற? போய்த் திற. நீதானே கூப்பிட்டே, நீயே உக்கார வெச்சு அழ வை."