தோள் மாற்றக் கூடாத கரை

யுத்தத்தில் என் மாமா எத்தனை ஜப்பான்காரர்களைக் கொன்றார் என்பதை எங்கள் பள்ளிக்கூடத்தில் நான்தான் முடிவு செய்துகொண்டிருந்தேன். திங்கட்கிழமை ஏழு பேராக இருந்தது வெள்ளிக்கிழமைக்குள் இருபதைத் தாண்டிவிடும். சனி, ஞாயிறு விடுமுறை என்பதால் மிச்சமிருந்தவர்கள் பிழைத்தார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. வாய்க்கு மட்டும் முப்பது வயது என்று அம்மா சொல்வாள்.

மாமா, அம்மாவுக்குத் தம்பி. பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனவர், சண்டை முடிந்த மறு வருஷம் மாசி மாதத்தில் அரியலூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். அப்பா வண்டி கட்டிக்கொண்டு போய், உடையார்பாளையத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு அவரை அழைத்து வந்தார். நான் எதிர்பார்த்தது பெரிய மீசை, ஒரு துப்பாக்கி, குறைந்தது ஒரு கத்தியாவது. வண்டியிலிருந்து இறங்கியது ஒல்லியான ஒரு மனிதரும் ஒரு காக்கிப் பையும்தான். அவர் போன மறு வருஷமே அவருடைய அப்பா, அதாவது அம்மாவின் அப்பா, காலமாகிவிட்டார். அதே ஊரில் இருந்த அவர்கள் வீடு பூட்டிக் கிடந்ததால் மாமா எங்களோடேயே தங்கினார்.

என் கதைகளுக்கு ஆதாரமாக இருந்தது ஒன்றே ஒன்று. மாமாவின் வலது தோளில், வண்டி மாட்டின் கழுத்தில் இருக்குமே, அதுபோல் தடித்துக் கறுத்த ஒரு காய்ப்பு இருந்தது. கிணற்றடியில் அவர் குளிக்கும்போது பார்த்திருக்கிறேன். துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுட்டுச் சுட்டு வந்த காய்ப்பு என்று நானே தீர்மானித்து ஊரெல்லாம் பரப்பிவிட்டேன். கேட்டவர்கள் மாமாவை மரியாதையாகப் பார்த்தார்கள். அவர் ஏனென்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார்.

அவர் வந்து ஒரு மாதம் கழித்து அப்பாவிடம் ஒரு விஷயம் கேட்டார். அதைக் கேட்கவே அவருக்கு மூன்று நாள் ஆயிற்று.

"சித்திரைத் திருவிழாவுல எங்கப்பா நின்ன எடத்துல நான் நிக்கணும் மச்சான். இந்த ஒரு வருஷம் போதும்."

எங்கள் ஊர் மாரியம்மன் சித்திரையில் பல்லக்கில் புறப்பட்டு ஊரைச் சுற்றி வருவாள். தெருக்களில் அங்கங்கே இறக்கி வைப்பார்கள், தேங்காய் உடைப்பார்கள், ஆள் மாற்றிக்கொள்வார்கள். ஆனால் ஏரிக்கரைமேல் ஏறிவிட்டால் இறக்கக் கூடாது, நிற்கக் கூடாது, தோள் மாற்றவும் கூடாது. ஒரு முனையில் எந்தத் தோளில் ஏறியதோ அதே தோளில்தான் மறுமுனையில் இறங்க வேண்டும். தவறினால் அந்த வருஷம் கரை உடையும் என்று நம்பினார்கள். அதனால் முன்தண்டு பிடிக்க நல்ல ஆளாகப் பார்த்து நிறுத்துவார்கள். தாத்தா இருந்தவரை வலப்பக்கத்து முன்தண்டு அவருடையது. அவருக்குப் பிறகு மூன்று வருஷமாக அவருடைய அண்ணன் மகன் பிடித்து வந்தார். அவரை நாங்கள் மேலத்தெருக்காரர் என்போம்.

பட்டாளத்துக்குப் போய் வந்தவன் அம்மனைத் தூக்கினால் ஊருக்கே பெருமை என்று பெரியவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். மேலத்தெருக்காரரும் வேண்டா வெறுப்பாகத் தலையாட்டினார். மாமா அன்றிலிருந்து ஆளே மாறிப்போனார். கொல்லையில் கிடந்த பழைய உத்திரக் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு காலையில் நடப்பார். "சாமி தூக்கறதுக்கு இம்புட்டு ஒத்திகையாடா?" என்று அம்மா சிரிப்பாள். ஒரு நாள் என்னையும் அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அடி எண்ணிக்கொண்டே நடந்தார். எண்ணூற்று நாற்பது அடி வந்தது. திரும்பி வரும்போதும் எண்ணினார். இது என்ன பைத்தியம் என்று நினைத்தேன்.

இதற்கிடையில் பள்ளிக்கூடத்தில் என் கதைக்கு ஆபத்து வந்தது. மேலத்தெருக்காரரின் மகள் என் வகுப்புதான். அவள் எல்லோர் முன்னிலும் சொன்னாள்: "எங்கப்பா சொன்னாரு, தோள்ல காய்ப்பு விழற அளவுக்குச் சுட்டிருந்தா ஜப்பான்ல ஒரு ஆளு மிஞ்சியிருக்க மாட்டானாம்." வகுப்பே சிரித்தது. எனக்கு மூக்குடைந்துபோயிற்று. மாமாவின் வாயாலேயே கேட்டுக்கொண்டு வந்து அவள் வாயை அடைப்பது என்று கிளம்பினேன்.

மாமா முந்திரித் தோப்பில் இருந்தார். விழுந்த பழங்களைப் பொறுக்கி, கொட்டையைத் திருகி எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து திருகினேன். எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்று நேராகவே கேட்டேன்.

"நான் துப்பாக்கியே எடுக்கல பாப்பா. ஆளுங்களத் தூக்கினேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் கையில் இருந்த பழத்தைக் கீழே வைத்துவிட்டு, மண்ணில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். இரண்டு மூங்கில், நடுவில் கித்தான். முன்னால் இருவர், பின்னால் இருவர். மலைப்பாதையில் அடிபட்டவர்களை அதில் படுக்கவைத்துத் தோளில் சுமந்து இறக்குவது அவர் வேலை. போகப் போக அடிபட்டவர்களைவிடச் செத்தவர்கள் அதிகமானார்கள். அவர்களையும் சுமந்தார்கள்.

"எந்த ஊரு, என்ன சாதி, யாரு கேட்டா? மழையில எல்லாம் ஒரே கனம்தான்."

பிறகு, நான் கேட்காமலே ஒன்றைச் சொன்னார். ஜெயங்கொண்டத்துப் பக்கத்துப் பையன் ஒருவன், இருபது வயது இருக்குமாம், வயிற்றில் அடிபட்டவன். இவர் தமிழ் பேசுவதைக் கேட்டதும் அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறான்.

"எறக்கி மட்டும் வெச்சிடாதீங்கண்ணேன்னான். வழி பூரா அதையேதான் சொன்னான். எறக்கி வெச்சவங்கள அப்படியே வுட்டுட்டுப் போனதப் பாத்திருக்கான்ல. நானும் எறக்க மாட்டன்டான்னு சொன்னேன். மேட்டுல ஏறறப்ப தோளு நெருப்பாட்டம் எரிஞ்சுது. கொஞ்சம் தோள் மாத்திக்கலாம்னு எறக்கச் சொன்னதே நான்தான். ஒரு நிமிசம்."

"அப்பறம்?"

"திரும்பத் தூக்கறப்ப பேச்சில்ல. கனமா இருந்தான்."

அவர் கொட்டையைத் திருக ஆரம்பித்தார். அந்த நேரத்தில் நான் என்ன கேட்டேன் என்பதை இப்போது எழுதவே கூசுகிறது. "அப்ப ஒரு ஜப்பான்காரனக்கூடக் கொல்லலியா மாமா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். இதையெல்லாம் யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். சரி என்றேன். வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது. அந்தப் பையனுக்காக அல்ல. வகுப்பில் இனி என்ன சொல்வது என்பதற்காக.

திருவிழா நாள் வந்தது. மாமா கையில் மஞ்சள் காப்புக் கட்டி, விரதம் இருந்து, முகம் தெளிந்து காணப்பட்டார். அவர் சிரித்தால் பல்வரிசை அழகாக இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கோயிலுக்குப் போகும்போது, கரையைத் தாண்டியதும் எனக்கு ஜவ்வு மிட்டாய் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

வளையல் கடையில் மேலத்தெருக்காரர் மகள் நின்றிருந்தாள். அவள் அப்பாவிடமிருந்து முன்தண்டு போனதில் அவளுக்கு ஆற்றாமை.

"இருவது பேரக் கொன்னாராமே ஒங்க மாமா. அவர விட்டே சொல்லச் சொல்லேன் பாப்போம். பயந்து ஓடியாந்தவருன்னு எங்கப்பா சொல்றாரு."

"ஓடியெல்லாம் வரல. அவரு பொணம் தூக்கினாரு. எல்லாச் சாதிப் பொணமும் தூக்கினாரு. அந்தக் காய்ப்பு அதான்" என்றேன்.

மாமாவைக் கோழை என்றதைப் பொறுக்காமல் சொன்னேன் என்று பல வருஷம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அது பொய். என் கதையைக் கெடுத்த மனிதர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. பிணம் தூக்கியவர் என்பதில் எனக்கே அவமானமாக இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அவள் கூட்டத்துக்குள் ஓடியதையும் பார்த்தேன். பின்னால் ஓடிப் பிடித்திருக்கலாம். நான் பச்சை வளையலா சிவப்பு வளையலா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏரிக்கரை தொடங்கும் இடத்தில் பல்லக்கைக் கடைசியாக இறக்கி வைத்திருந்தார்கள். மாமா துண்டை மடித்துச் சும்மாடாக வலது தோளில் வைத்து, தண்டுக்குக் கீழே குனியப் போனார். மேலத்தெருக்காரர் வந்து அவர் கையைப் பிடித்தார். சண்டைக்காரர்போல் வரவில்லை. அவருக்கே பேச்சு தடுமாறியது.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. பட்டாளத்துல நீ பொணம் தூக்குனது நெசமா?"

கொட்டு நின்றது. மாமா தலையைத் திருப்பி என்னைத்தான் தேடினார். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்ததும், திட்டுகிற பார்வை எதுவும் இல்லாமல், திரும்பிக்கொண்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யார் பர்மாவுக்குப் போய்ச் சாட்சி கேட்பார்கள்?

"நெசந்தாண்ணே" என்றார்.

"நம்ம வூட்டுப் பொணத்த நாமளுந்தான் தூக்கறோம். கருமாதி பண்ணித் தீட்டக் கழிச்சுடறோம். நீ தூக்குனதுங்களுக்கெல்லாம் யாரு கருமாதி பண்ணா?"

"யாரும் பண்ணல."

"அப்பறம் எப்படிப்பா? நாளைக்கிக் கரை ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

அப்பா ஏதோ சொல்ல முன்னால் போனார். மாமா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். சாமி தூக்கினால் பெருமை என்று சொன்ன பெரியவர்கள் ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா தோளிலிருந்த சும்மாட்டை எடுத்தார். அதை மேலத்தெருக்காரரிடம் கொடுக்கப் போனவர், அதுவும் ஆகாதோ என்று நினைத்தாரோ என்னவோ, உதறித் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டார். கையிலிருந்த காப்பை அவிழ்த்து வேப்பமரத்தடியில் வைத்தார். மேலத்தெருக்காரர் தன் துண்டை மடித்துக்கொண்டு தண்டுக்குக் கீழே குனிந்தார்.

பல்லக்கு கரைமேல் ஏறியது. கூட்டம் முழுக்கப் போன பிறகு மாமா தனியாகப் பின்னால் நடந்தார். நான் அவரைப் பார்க்காதவள்போல் பார்த்துக்கொண்டே முன்னால் போனேன். அவர் இடது கையால் வலது தோளைப் பிடித்திருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். மறுமுனைக்குப் பத்துப் பதினைந்து அடி இருக்கும்போதுதான் அது காதில் விழுந்தது. எண்ணூற்று முப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பல்லக்கு தோள் மாறாமல் இறங்கியது. எல்லோரும் குலவையிட்டார்கள். மாமா என்னிடம் வந்தார். எனக்கு முதுகில் விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"எல்லாத்தையும் சொல்லிட்டியா பாப்பா?"

"பொணம் தூக்குனத மட்டுந்தான் மாமா."

"அந்தப் பையன எறக்கி வெச்சத?"

அது எனக்கு அப்போதுதான் நினைவே வந்தது. இல்லை என்றேன். அவர் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. "அது போதும்" என்றார். பிறகு மிட்டாய்க்காரனிடம் அழைத்துப்போய், என் மணிக்கட்டில் ஜவ்வு மிட்டாயால் ஒரு கைக்கடிகாரம் சுற்றிவிடச் சொன்னார். நான் அதை வீடு வரும்வரை நக்கிக்கொண்டே வந்தேன். இனித்தது. தப்பித்துக்கொண்டோம் என்றிருந்தது. மாமா இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் திருவிழா வந்தது. மாமா அந்த நாளில் முந்திரித் தோப்புக்குப் போய்விடுவார். அவர் பிறகு எதற்கும் யாரிடமும் இடம் கேட்கவில்லை. நான் கல்யாணமாகிப் போன மூன்றாம் வருஷம், ஒரு காய்ச்சலில் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற எண்ணம்கூட அதுவரை எனக்கு வரவில்லை.

அதன்பின் ஒரு மழைக்காலத்தில், ஜுரத்தில் துவண்டுபோன என் மூத்தவனைத் தோளில் போட்டுக்கொண்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். ஐந்து வயதுப் பிள்ளை. கீழே விடாதே அம்மா என்று முனகிக்கொண்டே வந்தான். பாதி வழியில் தோள் எரிந்தது. ஒரு புளியமரத்தடியில், அடுத்த தோளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அவனை இறக்கப் போனேன். அப்போதுதான் மாமா சொன்ன அந்தப் பையன் நினைவுக்கு வந்தான். இறக்காமலே நடந்தேன். பிள்ளை பிழைத்துவிட்டான். ஆஸ்பத்திரி வாசலில் நான் அழுததைப் பார்த்து, பிள்ளைக்காக அழுகிறேன் என்று நர்ஸம்மா தேற்றினாள்.

மாமாவுக்கு வேண்டியிருந்தது பெருமை அல்ல, தாத்தாவின் இடமும் அல்ல. இறக்க மாட்டேன் என்று சொன்ன சொல்லை ஒரு தடவை, எண்ணூற்று நாற்பது அடியாவது, காப்பாற்றிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டார். அதை நான் ஒரு வளையல் கடையில் நின்றுகொண்டு கெடுத்தேன். அன்று கரையில் எல்லோருக்கும் பின்னால், தோளில் ஒன்றுமே இல்லாமல் மாமா சும்மா நடந்து வருகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.